கேட்போரும் ஓர் உறுப்பு

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கவிதைக்கென்று கூடிய அவையில் மருத்துவமனையைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். இவ்வுரைக்குக் குறிக்கப்பட்ட பொருள், நெருக்கடி மிகுந்த பணியிடங்களில் மனம் தளர்வோர்க்கு உடன்பணியாளர் தரும் துணையும், அவர்கள் தம்மைத் தாமே பேணிக்கொள்ளும் முறையும் ஆகும். அத்தகைய பணியிடங்கள் பல. அவற்றுள் மருத்துவமனை ஒன்றையே இவ்வுரை எடுத்துக்கொள்கிறது. உயிரும் சாவும் அன்றாடம் கைமாறும் இடம் அது. அங்கே உழைப்போரின் துயரத்திற்கு யார் செவி கொடுப்பது என்னும் கேள்வி, கவிதையோடு தொடர்பற்ற கேள்வியன்று.

தொல்காப்பியச் செய்யுளியல், செய்யுளுக்குரிய உறுப்புகள் முப்பத்து நான்கினை எண்ணிச் சொல்கிறது. மாத்திரை, எழுத்து, அசை, சீர், அடி என்று தொடங்கும் அவ்வரிசையில் கூற்று என்பது ஓர் உறுப்பு. கேட்போர் என்பதும் ஓர் உறுப்பு. பாட்டுக்குப் புறத்தே நிற்பவராகக் கேட்பவரை அவ்விலக்கணம் கருதவில்லை. பாட்டின் உடம்பிலேயே அவர்க்கு இடம் தந்துள்ளது. அகப்பாடல்களின் அடியில் காணப்படும் துறைக்குறிப்புகளும் இதனையே காட்டுகின்றன. தலைவி தோழிக்குச் சொல்கிறாள். தலைவன் பாங்கனுக்குச் சொல்கிறான். சொல்வதற்கு ஆள் இல்லாதபோது தன் நெஞ்சிற்குச் சொல்கிறான். துயரம் எதுவாயினும் அது யாரோ ஒருவரை நோக்கிச் சொல்லப்படுகிறது. இதனைக் கொண்டு பழந்தமிழர் மனநல மருத்துவம் அறிந்திருந்தனர் என்று பெருமை பேச வேண்டுவதில்லை. சொல்லுக்குச் செவி இன்றியமையாதது என்று அவர்கள் அறிந்திருந்தனர் என்ற அளவில் கொண்டாற் போதும்.

மருந்தின் நான்கு கூறுகள்

திருக்குறளில் மருந்து என்னும் தொண்ணூற்றைந்தாம் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறது. நோயுற்றவர், நோய் தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்பன அந்நான்கு. செவிலியர் என்று இக்காலத்தில் வழங்கப்பெறுவோரை மருத்துவர்க்கு இணையாக ஒரு கூறாக வைத்து எண்ணியது அக்குறளின் சிறப்பு. நான்கில் மூன்று கூறுகள் மனிதர்கள். நோயுற்றவரைப் பேண மற்ற இருவர் உளர். அவ்விருவர் தளர்ந்தால் அவர்களைப் பேணுவார் யார்?

மருத்துவ உலகம் இக்கேள்வியை மிகவும் காலம் தாழ்த்தியே கேட்டது. மருத்துவர் தளரலாகாது, செவிலியர் கண்ணீர் விடலாகாது என்பது எழுதப்படாத சட்டமாக இருந்து வந்தது. தளர்ச்சிக்கு ஒரு பெயர்கூட இல்லை. அப்பெயரை முதலில் பரவச் செய்தவர்களுள் ஒரு நாவலாசிரியரும் இருக்கிறார் என்பது இவ்வவைக்கு உவப்பான செய்தியாக இருக்கும். ஆங்கில எழுத்தாளர் கிரகாம் கிரீன் 1959ஆம் ஆண்டில் காங்கோ நாட்டின் தொழுநோயாளர் குடியிருப்புகளுக்குச் சென்று தங்கினார். அதன் பயனாக எழுந்த நாவல் 1961இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. நோய் தன் அழிவையெல்லாம் செய்து முடித்து அடங்கிவிட்ட நோயாளியை, எரிந்து ஓய்ந்தவர் என்னும் பொருள்படும் தொடரால் அங்கே குறித்தனர். அத்தொடரே நாவலின் தலைப்பாயிற்று. நாவலின் நாயகன் தொழுநோயாளி அல்லன். புகழ்பெற்ற கட்டடக் கலைஞன். தொழிலிலும் வாழ்விலும் பற்று முழுதும் வற்றியவனாக அவன் அங்கு வந்து சேர்கிறான்.

1974ஆம் ஆண்டில் நியூயார்க்கைச் சேர்ந்த உளவியலறிஞர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பர்கர், எரிந்து ஓய்தல் என்னும் அதே சொல்லைத் தலைப்பில் வைத்துக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். ஏழைகளுக்கான இலவச மருத்துவ நிலையத்தில் தொண்டாற்றியவர் அவர். பகலில் தம் தொழிலைப் பார்த்துவிட்டு மாலையில் அங்கே சென்று உழைப்பார். தம்மோடு ஆர்வம் பொங்க வந்த தொண்டர்கள் சில மாதங்களில் எரிச்சலும் சலிப்பும் அடைந்து உள்ளுக்குள் வெறுமையாகிப் போவதை அவர் கண்டார். தம்மிடத்தும் அதனைக் கண்டார். பின்னர் கலிஃபோர்னியாவின் பெர்க்கிலியில் பணியாற்றிய கிறிஸ்டினா மாஸ்லாக், சூசன் ஜாக்சன் என்னும் இருவர் இத்தளர்ச்சியை அளந்தறிவதற்கான வினாப்பட்டியல் ஒன்றை 1981இல் வெளியிட்டனர். உள்ளம் வற்றிப்போதல், எதிரே இருப்பவரை மனிதராகக் காணும் பார்வை மழுங்கிப்போதல், தான் செய்வதால் பயனேதும் இல்லை என்று தோன்றுதல் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்களாக வகுக்கப்பட்டன.

இவற்றுள் இரண்டாவது அடையாளம் கவிஞர்கள் கருத்தூன்றிப் பார்க்க வேண்டியது. பெயர் சொல்லி அழைத்த நோயாளியை ‘ஏழாம் எண் கட்டில்’ என்று அழைக்கத் தொடங்குவது அதன் முதற்படி. இரக்கமற்ற நெஞ்சம் என்று அதனைப் பழித்துவிடுவது எளிது. ஆனால் அது பெரும்பாலும் இரக்கம் மிகுந்த நெஞ்சம் தன்னைக் காத்துக்கொள்ள அணிந்த கவசம். கவசம் தோலோடு ஒட்டிக்கொண்ட பிறகு கழற்ற முடிவதில்லை.

உலக சுகாதார நிறுவனம் 2019ஆம் ஆண்டில் தன் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பில் இத்தளர்ச்சியைச் சேர்த்தபோது, இதனை நோய் என்று சொல்லவில்லை. தொழில் சார்ந்த நிகழ்வு என்று சொன்னது. வெற்றிகரமாகக் கையாளப்படாத பணியிட நெருக்கடியின் விளைவு இது என்பது அதன் விளக்கம். இச்சிறு வேறுபாடு பெரும் பொருளுடையது. நோயென்றால் குறை தளர்ந்தவரிடம் இருக்கிறது. தொழில் நிகழ்வென்றால் வேலையை அமைத்தவரிடமும் பொறுப்பு இருக்கிறது.

சுமையின் அளவு

அவ்வேலை எப்படி அமைக்கப்பட்டுள்ளது என்பதற்குச் சில எண்கள் சான்று. 1984ஆம் ஆண்டில் நியூயார்க் நகர மருத்துவமனை ஒன்றில் காய்ச்சலோடு சேர்க்கப்பட்ட 18 வயது மாணவி ஒருவர் ஒரே இரவில் இறந்தார். அவரைக் கவனித்த பயிற்சி மருத்துவர்கள் உறக்கமின்றி நெடுநேரம் தொடர்ந்து பணியாற்றுபவர்கள் என்பது விசாரணையில் பேசப்பட்டது. 1989இல் அம்மாநிலம் பயிற்சி மருத்துவர்களின் வேலையை வாரத்திற்கு 80 மணி என்று வரையறுத்தது. 2003இல் அவ்வரையறை அமெரிக்கா முழுதும் பரவியது. எண்பது மணி என்பதே ஒரு சீர்திருத்தமாகக் கருதப்பட்டதென்றால் அதற்கு முன்பிருந்த நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தியாவில் மைய அரசின் 1992ஆம் ஆண்டுத் திட்டம், பட்டமேற்படிப்பு மருத்துவ மாணவர்களின் வேலையை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி, வாரத்திற்கு 48 மணி என்று வரையறை செய்தது. 2024ஆம் ஆண்டில் தேசிய மருத்துவ ஆணையம் அமைத்த பணிக்குழு, அவர்களின் மனநலம் கருதி, வேலை வாரத்திற்கு 74 மணிக்கு மேற்படலாகாது, வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டும் என்று பரிந்துரைத்தது. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் வரையறுக்கப்பட்ட 48, நடைமுறையில் எட்டாத கனியாகி, 74 என்பதே ஒரு சலுகையாக வேண்டப்பட்டது. இவ்விரு எண்களுக்கு இடைப்பட்ட தொலைவில் எத்தனை இளைஞர்களின் உறக்கம் கிடக்கிறது!

உறக்கமின்மை உடலையும் விடுவதில்லை. உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரத்திற்கு 55 மணியோ அதற்கு மேலோ உழைத்ததன் விளைவாகப் பக்கவாதத்தாலும் இதயநோயாலும் 2016 என்னும் ஓர் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 7,45,000 பேர் இறந்தனர். இது எல்லாத் தொழிலாளர்க்கும் உரிய கணக்கு. வாரம் 74 மணி உழைப்பவர் இக்கணக்கின் எந்தப் பக்கத்தில் நிற்கிறார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

மணிக்கணக்கால் அளக்க முடியாத சுமைகள் இரண்டு உண்டு. ஒன்று, தவறு நேர்ந்த பின் வரும் தனிமை. ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக மருத்துவர் ஆல்பர்ட் வூ 2000ஆம் ஆண்டில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். அவர் பயிற்சியில் இருந்த காலத்தில் உடன்பயின்ற ஒருவர் இதயத்துடிப்பு வரைபடத்தில் ஓர் அபாயக் குறியைக் காணத் தவறினார். செய்தி மருத்துவமனை முழுதும் பரவியது. உடன்பணியாளர்களே நீதிமன்றமாக அமர்ந்து, திறமையற்றவர் என்று தீர்ப்பெழுதினர். ஆறுதலாக ஒரு சொல் சொன்னவர் இலர். அதே தவறு தம் கையிலும் நேர்ந்திருக்கலாமே என்று வூ உள்ளுக்குள் நடுங்கினார். முதலில் பாதிக்கப்படுபவர் நோயாளி. தவறிழைத்த மருத்துவர் இரண்டாவதாகப் பாதிக்கப்படுபவர் என்பது அக்கட்டுரையின் கருத்து. தவறினால் உறவினரை இழந்த குடும்பத்தினர் சிலர் பிற்காலத்தில் அச்சொல்லாட்சியை மறுத்தனர். பொறுப்பேற்க வேண்டியவரைப் பாதிக்கப்பட்டவர் என்று அழைப்பது தங்கள் இழப்பை மறைக்கிறது என்றனர். அவர்கள் மறுப்பில் நியாயம் உண்டு. ஆயினும் தவறிழைத்தவரைத் தனிமையில் தள்ளுவதால் அடுத்த நோயாளிக்குப் பாதுகாப்புக் கூடுவதில்லை. ஒளித்து வைத்த தவற்றிலிருந்து எவரும் பாடம் கற்பதில்லை.

மற்றொன்று, செய்ய வேண்டியது இன்னதென்று தெரிந்தும் செய்ய இயலாமற் போகும் துன்பம். ஆண்ட்ரூ ஜேம்ட்டன் என்னும் மெய்யியலறிஞர் 1984இல் செவிலியர்களைப் பற்றி எழுதியபோது இதற்கு அறத்துன்பம் என்னும் பொருளில் ஒரு பெயரிட்டார். கட்டில் இல்லை, ஆக்சிஜன் இல்லை, ஓர் இரவில் ஒரு செவிலியர்க்கு அளவிறந்த நோயாளிகள். கண் பார்க்கிறது, கை எட்டவில்லை. வெள்ளிவீதியார் பாடிய குறுந்தொகை 58ஆம் பாடலை அறிந்தவர்க்கு இத்துன்பம் புதிதன்று. வெயில் ஏறிய பாறைமேல் வெண்ணெய் உருகுகிறது. காவலுக்கு இருப்பவர்க்குக் கரமும் இல்லை, பேச்சும் இல்லை. பார்வை மட்டும் உண்டு. காதல் நோய்க்குச் சொன்ன உவமை அது. 2020, 2021ஆம் ஆண்டுகளில் கொரோனாப் பெருந்தொற்றின்போது மூச்சுத் திணறுவோர் நடுவே நின்ற செவிலியர்க்கும் மருத்துவர்க்கும் அது உவமையாக இல்லை, நேர்ந்ததாகவே இருந்தது.

அப்பெருந்தொற்றின் தொடக்கத்தில், 2020 ஏப்ரலில், நியூயார்க்கில் அவசரச் சிகிச்சைப் பிரிவு ஒன்றின் தலைமையேற்றிருந்த மருத்துவர் லோர்னா ப்ரீன் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மனத்துயருக்குச் சிகிச்சை பெற்றது தெரிந்தால் மருத்துவத் தொழில் புரியும் உரிமை பறிபோகும் என்று அவர் அஞ்சியதை அவர் குடும்பத்தினர் பின்னர் வெளிப்படையாகச் சொன்னார்கள். நோயைத் தீர்ப்பவர் தமக்கு நோய் என்று சொல்ல அஞ்சும் நிலையை மாற்றும் நோக்கோடு 2022இல் அவர் பெயரால் அந்நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது.

பாங்கனும் தோழியும்

வெள்ளிவீதியாரின் அப்பாடல் கழற்றெதிர்மறை என்னும் துறையைச் சேர்ந்தது. வருந்தும் தலைவனைப் பாங்கன் முதலில் கடிந்து பேசுகிறான். தலைவன் அக்கடிதலை மறுத்துத் தன் நிலையைச் சொல்கிறான். பின்னர் பாங்கன் மனம் இரங்கித் துணைநிற்கிறான் என்பது அகப்பொருள் மரபு. உடன்பணியாளர் துணை என்று இன்று பேசப்படுவதன் வரலாறும் ஏறத்தாழ இதே வழியில் நடந்துள்ளது. ‘இதுகூடத் தாங்க முடியாதா?’ என்னும் கடிதலில் தொடங்கி, கேட்டலுக்கு வந்து சேர அதற்கு நெடுங்காலம் பிடித்தது.

1953ஆம் ஆண்டில் லண்டனில் சாட் வாரா என்னும் பாதிரியார், வாழ்வை முடித்துக்கொள்ள எண்ணுவோர் தம்மைத் தொலைபேசியில் அழைக்கலாம், நேரிலும் வரலாம் என்று அறிவித்தார். கூட்டம் மிகுந்தது. காத்திருப்போர்க்குத் தேநீர் கொடுத்து உடனிருக்கத் தொண்டர்கள் சிலர் வந்தனர். சில நாட்களில் வாரா ஒன்றைக் கவனித்தார். தேநீர் கொடுத்தவர்களிடம் மனம் விட்டுப் பேசியவர்களில் பலர்க்குப் பாதிரியாரைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லாமற் போயிற்று. அறிவுரை கூறப் பயின்ற தம்மைவிட, பயிற்சி ஏதுமின்றிப் பொறுமையோடு கேட்டவர்கள் மிகுதியாக உதவினர் என்பதை அவர் தயங்காமல் ஏற்றுக்கொண்டார். 1954இல் அப்பணியைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். சமாரிட்டன்ஸ் என்னும் அவ்வமைப்பின் வழியை ஒட்டி 1986இல் சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் அவர்களால் தொடங்கப்பெற்றது சிநேகா. நட்பு என்று பொருள்படும் பெயரே அதன் கொள்கையையும் சொல்லிவிடுகிறது.

மருத்துவர்களுக்கென்றே ஒரு கேட்கும் வட்டத்தை அமைத்தவர் மைக்கேல் பாலின்ட். 1896இல் புடாபெஸ்டில் பிறந்து லண்டனில் குடியேறியவர். 1950களில் டாவிஸ்டாக் நிலையத்தில் எட்டுப் பத்துப் பொது மருத்துவர்களை வாரந்தோறும் ஒன்றாக அமரச் செய்தார். ஒருவர், தம் மனத்தை வருத்தும் ஒரு நோயாளியைப் பற்றிக் குறிப்பேடு எதுவும் பாராமல் நினைவிலிருந்து சொல்வார். மற்றவர் கேட்பார்கள். மருந்து மாத்திரையைப் பற்றிய பேச்சுக்கு அங்கே முதலிடம் இல்லை. அந்த நோயாளி வந்து அமரும்போது மருத்துவர் மனத்தில் எழுவது என்ன என்பதே அங்கே பொருள். பொது மருத்துவத்தில் மிகுதியாக வழங்கப்படும் மருந்து மருத்துவரே என்பது 1957இல் வெளிவந்த அவர் நூலின் மையக் கருத்து. மருந்தே மருத்துவர்தாம் என்றால் அம்மருந்து கெடாமல் காப்பதும் மருத்துவத்தின் பாற்பட்டதாகிறது.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வாழ்ந்த வழக்கறிஞர் கென்னத் ஷ்வார்ட்ஸ் தமது நாற்பதாம் வயதில், 1994இல், நுரையீரற் புற்றுநோய்க்கு ஆளானார். தம்மைக் கவனித்தவர்களின் சிறுசிறு அன்புச் செயல்கள் தாங்கமுடியாததைத் தாங்கச் செய்தன என்று 1995 ஜூலையில் எழுதினார், செப்டம்பரில் இறந்தார். அந்த அன்பு வற்றாதிருக்க வேண்டுமானால் அதனைத் தருபவர்களுக்கு ஓர் இடம் வேண்டும் என்னும் எண்ணத்தில், அவர் பெயரால் அமைந்த நிறுவனம் 1997இல் ஒரு கூடுகையைத் தொடங்கியது. மாதம் ஒருமுறை, ஏறத்தாழ ஒரு மணிநேரம், உணவும் உண்டு. தலைமை மருத்துவர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை யாரும் வரலாம். மூவர் அல்லது நால்வர் தம் பணியில் நெஞ்சைத் தொட்டதை, உறுத்தியதைச் சுருக்கமாகச் சொல்வர். பிறகு அவையோர் பேசலாம், பேசாமலும் இருக்கலாம். தீர்வு காண்பது அங்கே நோக்கமன்று. யாரும் யாரையும் திருத்துவதில்லை.

இக்கூடுகை 2009இல் இங்கிலாந்திற்குச் சென்றது. அங்கு நடந்து 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், தொடர்ந்து கலந்துகொண்டோரிடையே மனநலம் குன்றியவர்களின் பங்கு 25 விழுக்காட்டிலிருந்து 12 விழுக்காடாகக் குறைந்தது. கலந்துகொள்ளாதோரிடையே அது 37இலிருந்து 34 ஆக மட்டுமே குறைந்தது. விரும்பி வருபவர் வேறு, வாராதவர் வேறு என்பதால் இவ்வெண்களை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. எனினும், கேட்பதற்கென்று ஒதுக்கிய ஒரு மணிநேரம் வீணாகவில்லை என்பது இதனால் தெளிவு. வூ பணியாற்றிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையும், தவறோ அதிர்ச்சியோ நேர்ந்த பணியாளர் இரவிலும் பகலிலும் அழைத்தால், பயிற்சி பெற்ற உடன்பணியாளர் ஒருவர் வந்து உடனிருக்கும் ஏற்பாட்டை 2011இல் தொடங்கியது. தீர்ப்பெழுதிய அவை, இவ்வாறு செவிகொடுக்கும் அவையாக மாறலாயிற்று.

கட்டாயப்படுத்தாத செவி

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. பேசினால் துயரம் தீரும் என்பது பாதி உண்மை. தீயணைப்புப் பணியிலும் முதலுதவிப் பணியிலும் இருந்த ஜெஃப்ரி மிட்செல் என்னும் அமெரிக்கர், கொடிய நிகழ்ச்சிகளைக் கண்ட பணியாளர்களை உடனே ஒன்றுகூட்டி, கண்டதையும் உணர்ந்ததையும் முறைப்படி சொல்லச் செய்யும் ஒரு வழியை 1983இல் எழுதினார். அது உலகெங்கும் பரவியது. ஆனால் அதிர்ச்சிக்குள்ளானோரை ஒரே ஓர் அமர்வில் இவ்வாறு பேசவைத்ததன் பயனைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் வெளிவந்த காக்ரேன் மதிப்பீடு, பிற்கால மனநோயை அது தடுக்கவில்லை என்று முடிவு செய்தது. தீக்காயம் பட்டவர்கள், சாலை விபத்தில் சிக்கியவர்கள் ஆகியோரிடம் நடந்த இரண்டு ஆய்வுகளில், பேசவைக்கப்பட்டவர்கள் நெடுநாள் கழித்து மற்றவர்களைவிட மோசமான நிலையில் இருந்தனர்.

ஆறாத புண்ணைத் திறந்துகாட்டு என்று சொல்வது துணையாகாது. உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு வேறொரு வழியைச் சொல்கிறது. பார்த்தல், கேட்டல், வேண்டிய உதவியோடு இணைத்தல் என்னும் மூன்றே அதன் கூறுகள். நடந்ததைச் சொல்லும்படி வற்புறுத்தக் கூடாது. தண்ணீர் வேண்டுமா, உண்டாயிற்றா, வீட்டிற்குத் தெரிவிக்க வேண்டுமா என்று கேட்பதும், பேசாமல் பக்கத்தில் அமர்ந்திருப்பதும் அதில் அடங்கும். சங்கத் தோழியும் தலைவியை வினாக்களால் துளைப்பதில்லை. மேனி வேறுபாட்டைக் கண்டு, குறிப்பால் அறிந்து, தலைவி சொல்லும் பொழுது வரும்வரை காத்திருக்கிறாள். துணைநிற்பவரின் முதற்கடமை அக்காத்திருப்பே.

நெஞ்சிற்குச் சொல்லுதல்

தோழி அருகில் இல்லாத பொழுதும் உண்டு. இரவுப் பணி முடிந்து வெறும் பேருந்தில் வீடு திரும்பும் செவிலியர்க்கு அவர் நெஞ்சமே துணை. தன்னைப் பேணுதல் என்பது அங்கே தொடங்குகிறது. உறக்கம், வேளைக்கு உணவு, பணிமனையின் நினைவை வாசலில் விட்டுவிட்டு உள்ளே நுழையும் பழக்கம் என்பன அதன் எளிய படிகள். எளியவை என்பதால் அற்பமானவை என்று கருதலாகாது.

எழுத்தும் அப்படிகளுள் ஒன்றாகிறது. ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்னும் அமெரிக்க உளவியலறிஞர் தம் மாணவியோடு சேர்ந்து 1986இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம், வாழ்வில் மிகவும் வருத்திய ஒன்றைப் பற்றி எழுதினர். நடந்ததையும் அப்போது தோன்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள், பின்வந்த மாதங்களில் மருத்துவ நிலையத்தை நாடிச் சென்றது குறைந்தது. 2006இல் 146 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, பயன் உண்டு, ஆனால் அது சிறிதே என்று தெரிந்தது. எழுத்தை அருமருந்தாகக் கருதும் கவிஞர்கள் இந்தச் ‘சிறிதே’ என்னும் சொல்லையும் மறவாதிருப்பது நல்லது.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரீட்டா ஷரோன் மருத்துவர். ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டமும் பெற்றவர். நோயாளியைப் பற்றி மருத்துவமனைப் பதிவேட்டில் எழுத இடமில்லாதவற்றை வேறொரு ஏட்டில் இயல்பான மொழியில் எழுதும்படி 1993 முதல் தம் மாணவர்களிடம் சொன்னார். இரத்த அழுத்தத்திற்குப் பதிவேட்டில் கட்டம் உண்டு. இறந்த தன் தாத்தாவை இந்நோயாளி நினைவூட்டுகிறார் என்பதற்குக் கட்டம் இல்லை. எழுதியதை மாணவர்கள் ஒருவருக்கொருவர் படித்துக்காட்டினர். நெஞ்சிற்குச் சொன்னது இவ்வாறு தோழிக்குச் சொன்னதாகவும் ஆயிற்று. நியூ ஜெர்சியின் ரதர்ஃபோர்டில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் மருத்துவம் பார்த்த கவிஞர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ், ஒரு நோயாளி சென்று மறு நோயாளி வருவதற்குள் மருந்துச் சீட்டிலேயே கவிதை வரிகளைக் குறித்துவைத்தார் என்பதும் பலரறிந்த செய்தி.

துணையின் எல்லை

துணையைப் பற்றிச் சொல்லும்போது அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். வாரம் 74 மணி வேலை வாங்கிவிட்டு, மூச்சுப் பயிற்சி செய்யுங்கள் என்று சொல்லும் நிர்வாகம், தன் கடனைத் தளர்ந்தவர் தலையில் ஏற்றுகிறது. உடன்பணியாளரின் கனிவு, நிரப்பப்படாத செவிலியர் இடங்களுக்கு ஈடாகாது. உறக்கமின்மைக்கு மருந்து உறக்கமே. ஆள் பற்றாக்குறைக்கு மருந்து ஆட்களை அமர்த்துவதே. கேட்கும் வட்டம் இவற்றுக்குத் திரையாகிவிடக் கூடாது. தனியே சொன்னால் குறையாகத் தோன்றுவது, பத்துப் பேர் சேர்ந்து சொன்னால் கோரிக்கையாகிறது. ஒருவர்க்கொருவர் செவிகொடுப்பவர்களுக்கே அது கைகூடும்.

மற்றோர் எல்லையும் உண்டு. உறக்கம் அடியோடு போனவர், உணவு வெறுத்தவர், வாழ்வு போதும் என்று சொல்லத் தொடங்கியவர் ஆகியோர்க்கு நண்பரின் செவி மட்டும் போதாது. ‘சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகக் கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக முளைப்பதில்லை. கேட்கப்பட்டவர்க்கு அது பெரும்பாலும் ஆறுதலாகவே அமைகிறது. கேட்டபின், மனநல மருத்துவரிடம் உடன் அழைத்துச் செல்வதும், அதுவரை தனியே விடாதிருப்பதும் நட்பின் கடன்.

வட்டத்தின் கடன்

இலக்கிய வட்டங்களில் வந்தமர்வோர் அனைவரும் எழுத்தையே தொழிலாகக் கொண்டவர் அல்லர். செவிலியர், மருத்துவர், காவலர், வங்கி ஊழியர், பேருந்து ஓட்டுநர் என்று பலரும் பணி முடித்துக் களைத்து வருகிறார்கள். மடித்து வைத்த தாளைப் பிரித்து ஒரு கவிதை படிக்கிறார்கள். அவை உடனே அதன் யாப்பை ஆராய்கிறது. உவமை பழையது என்கிறது. ஈற்றடி தளர்ந்தது என்கிறது. இவையெல்லாம் வட்டத்தின் நேர்மையான பணிகளே. அவற்றைக் கைவிட வேண்டுமென்பதில்லை. ஆனால் சில கவிதைகள் கவிதையாகும் முன்பே படிக்கப்பட்டுவிடுகின்றன. மூன்று நாட்களுக்கு முன் தன் கையில் ஒரு குழந்தை இறந்ததைச் சொல்ல வேறிடம் இல்லாததால் ஒருவர் அதனை வரிகளாக மடக்கி எழுதிக் கொண்டுவந்திருக்கலாம். அந்நேரத்தில் தளை தட்டுவதைச் சொல்வது, ஆல்பர்ட் வூ கண்ட அந்த நீதிமன்றத்தை இங்கேயும் அமைப்பதாகும்.

எது விமர்சனத்திற்கு வந்த கவிதை, எது செவி தேடி வந்த கவிதை என்று பிரித்தறிவது கடினம். படித்தவரிடமே கேட்டுவிடுவது எளிய வழி: ‘இதைப் பற்றிப் பேசலாமா, கேட்டால் மட்டும் போதுமா?’ இவ்வொரு வினாவுக்குப் பணச்செலவு இல்லை. பட்டயப் படிப்பும் தேவையில்லை. கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும் வேளையில், வழக்கமாக வருபவர் இரண்டு மாதமாக ஏன் வரவில்லை என்று ஒருவர் நினைவுகூர்ந்து, மறுநாள் அவர் வீட்டுக் கதவைத் தட்டுவாரானால், பாலின்டும் வாராவும் செய்த பணியில் ஒரு பங்கு அவருக்கும் உண்டு.

பத்தாண்டுகள் ஒரு வட்டம் நிலைத்து நின்றதற்குப் படைப்புகள் காரணமாகலாம். பரிசுகளும் நூல்களும் காரணமாகலாம். இவையெல்லாம் கூற்று என்னும் உறுப்பின் பெருமைகள். மாதந்தோறும் வந்து, எதுவும் படிக்காமல், பின்வரிசையில் அமர்ந்து, முழுதும் கேட்டுவிட்டுச் சென்றவர்களும் இவ்வவையில் இருப்பார்கள். விழா மலரில் அவர்கள் பெயர் வந்திராது. தொல்காப்பியர் எண்ணிய முப்பத்து நான்கில் அவர்களும் ஓர் உறுப்பு. அவர்களுக்கு இவ்வவையின் நன்றி உரியதாகுக.